வரவேற்பில் தம்பி என் பக்கத்தில் நிற்க வேண்டும்

கேள்வி: எனக்கு வரும் தை மாதம் மதுரையில் திருமணம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் அதிகாலை முகூர்த்தம். என் தம்பிக்கு 19 வயது, ஆட்டிசம் உள்ளவன். சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசுவான். கணக்கில் கெட்டி. கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். போன வருடம் பெரியப்பா மகள் வரவேற்பில் டிஜே ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் “வீட்டுக்குப் போலாமா, மணி என்ன” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அம்மா “அஞ்சு நிமிஷம்டா” என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று கத்திக்கொண்டு வெளியே ஓடி, பார்க்கிங்கில் இரண்டு கார்களுக்கு நடுவில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு கையைக் கடித்துக்கொண்டான். சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர் வீடியோகூட எடுத்தார்.

அத்தை, “வீட்டுல டிவியை ஊருக்கே கேக்குற மாதிரி வச்சுப் பாக்குறான், இங்க மட்டும் என்னவாம்? நாலு விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போனா பழகிடும்” என்கிறார். சித்தப்பா தூக்க மாத்திரை கொடுத்துக் கூட்டிவரச் சொல்கிறார். அம்மா, வரவேற்புக்குத் தான் வரவில்லை, அவனோடு வீட்டில் இருந்துவிடுகிறேன் என்கிறார். மாப்பிள்ளை வீட்டில் டிஜேவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள். என் தம்பி மேடையில் என் பக்கத்தில் நிற்க வேண்டும். அம்மாவும் இருக்க வேண்டும். என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி அன்றைக்குத் “திடீரென்று” ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வரிகளிலேயே, வீட்டுக்குப் போகலாமா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். அவன் சொல்லாமல் ஓடவில்லை. தனக்கு வாய்த்த வார்த்தைகளில் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒவ்வொரு முறையும் அஞ்சு நிமிஷம் என்று பதில் வந்தது, அந்த அஞ்சு நிமிஷம் முடியவே இல்லை. கடைசியில் காலால் சொன்னான். அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மேடையில் சொந்தக்காரப் பெண், போட்டோவுக்குக் கூப்பிடுகிறார்கள், சாப்பிடாமல் போனால் கோபித்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் எந்த அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் கல்யாணத்துக்கான திட்டம் அந்த “மணி என்ன”விலிருந்துதான் தொடங்க வேண்டும். அவனுடைய எச்சரிக்கை மணி அது. அது அடித்தவுடன் வெளியே வர வழி இருந்தால், பார்க்கிங்கில் நடந்தது நடந்திருக்காது.

அத்தையின் கேள்வி நியாயமானது, பல வீடுகளில் கேட்கப்படுவது. 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பற்றிப் படிக்கிற எல்லோரும் தொட்டுச் செல்லும் கட்டுரை அது. அந்தக் குழந்தைகள் வாக்குவம் கிளீனருக்கும் லிஃப்டுக்கும் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தத்துக்கும் பயந்தார்கள், சிலர் காற்று வீசும் சத்தத்துக்கும்கூட. அதே குழந்தைகள் அதே அளவு சத்தத்தைத் தாங்களே எழுப்பும்போது சந்தோஷமாக இருந்தார்கள் என்பதையும் அவர் அப்போதே கவனித்து எழுதினார். உங்கள் வீட்டு டிவியும் அப்படித்தான். ரிமோட் அவன் கையில் இருக்கிறது. அடுத்து என்ன சத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியும், வேண்டாம் என்றால் ஒரு பொத்தானில் நின்றுவிடும். மண்டபத்தில் அந்தப் பொத்தான் எங்கேயோ ஒரு மேசைக்குப் பின்னால், யாரோ ஒருவரின் விரலில் இருக்கிறது. அவன் நடிக்கவில்லை, பிடிவாதமும் பிடிக்கவில்லை. ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதை, ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாக 2013-ல் வெளியான டிஎஸ்எம்-5 மருத்துவக் கையேடும் சேர்த்திருக்கிறது.

மண்டபத்துக்குள் அவனுக்கு என்ன ஆகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உறவினர்களிடம் நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் எத்தனை பேர் பேசினாலும், எதிரே இருப்பவர் குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்க நம்மில் பெரும்பாலோரால் முடிகிறது. 1953-ல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதினார். பார்ட்டி கூட்டத்தை வைத்தே அதற்கு ‘காக்டெயில் பார்ட்டி எஃபெக்ட்’ என்று பெயரும் வந்தது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த வடிகட்டல் எளிதில் நடப்பதில்லை. பந்தியில் சாம்பார் வாளி மோதும் ஓசை, பின்வரிசைக் குழந்தையின் அழுகை, ஏசி இரைச்சல், ஜெனரேட்டர், மைக்கின் கீச்சொலி எல்லாம் ஒரே முக்கியத்துவத்தோடு உள்ளே வரும். இன்னொன்றும் உண்டு. நமக்கு ஒரே சத்தம் தொடர்ந்து கேட்டால் கொஞ்ச நேரத்தில் மூளை அதைப் பின்னால் தள்ளிவிடும். புலன் கூர்மை அதிகமுள்ள ஆட்டிசக் குழந்தைகளின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வுகளில், இப்படிப் பழகிப்போவது அவர்களிடம் குறைவாக இருப்பது தெரிந்தது. பத்தாவது நிமிடத்திலும் அந்தச் சத்தம் முதல் நிமிடம்போலவே அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தோடு முடிவதுமில்லை. வாசலில் முகத்தில் தெளிக்கும் பன்னீர், கஞ்சி போட்ட புதுச் சட்டையின் கழுத்துப்பட்டை, வீடியோக்காரரின் ஃபோகஸ் லைட், “என்னடா, அத்தையைத் தெரியுதா?” என்று கன்னத்தைக் கிள்ளுகிற பத்துப் பதினைந்து பேர். தனித்தனியாக ஒவ்வொன்றையும் அவன் தாங்கிக்கொள்வான். எல்லாம் சேர்ந்து நிரம்பி வழிவதைத்தான் சென்சரி ஓவர்லோடு என்கிறோம். வழியும் தருணத்தில் சிலர் கத்துவார்கள், ஓடுவார்கள், தங்களையே கடித்துக்கொள்வார்கள். அது மெல்ட்டவுன். சிலர் சத்தமில்லாமல் அணைந்துபோவார்கள். பேச்சு நின்றுவிடும், கண் எங்கோ வெறிக்கும். இரண்டாவது வகையை யாருமே கவனிப்பதில்லை. “பாருங்க, எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கான்” என்று பாராட்டுகூடக் கிடைக்கும்.

இந்த இரண்டாவது வகையை நானே தவறாகப் படித்திருக்கிறேன். ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சை வேலைக்கு வந்த புதிதில், நான் இருந்த மையத்தில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். பலூன் வெடிக்கும் என்று நடுங்கிய ஒரு பையனை, வெளியே விட்டால் பயம் கூடிவிடும் என்று நம்பி, அறைக்குள்ளேயே கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பத்து நிமிடத்தில் அழுகை நின்றது. பழகிவிட்டான் என்று நினைத்து மகிழ்ந்தேன். அவன் பழகவில்லை, அணைந்துபோயிருந்தான். அதற்குப் பிறகு பல வாரங்கள் அந்த அறையின் வாசற்படியை அவன் தாண்டவில்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை. “நாலு விசேஷத்துக்குக் கூட்டிப்போனால் பழகும்” என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வருகிறான். சத்தத்துக்கு மெல்ல மெல்லப் பழக்க முடியும், உண்மைதான். ஆனால் அது குறைந்த ஒலியில், அவன் விருப்பத்தோடு, நிறுத்தும் பொத்தான் அவன் கையில் இருக்கும்போது, வாரக்கணக்கில் நடக்கிற வேலை. தப்பிக்க வழியில்லாத மண்டபத்தில் உட்கார வைப்பது அதற்கு நேர் எதிரானது.

தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். இதை உங்கள் சித்தப்பாவிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மயக்கம் தரும் மருந்துகள் சிலருக்கு எதிர்மறையாக வேலை செய்து படபடப்பைக் கூட்டிவிடும். ஏற்கெனவே வேறு மருந்து எடுப்பவருக்கு ஆபத்தாகலாம். எல்லாவற்றையும்விட, சத்தம் வலிப்பது நிற்காது. வலிக்கிறது என்று சொல்லும் தெம்பும் எழுந்து போகும் தெம்பும்தான் போய்விடும். அவனுக்கு எந்த மருந்தும் அவனைப் பார்க்கும் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும்தான்.

இனி திட்டத்துக்கு வருகிறேன். இதில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: எந்த நிமிடமும் வெளியே போகலாம் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். எழுந்து போக முடியும் என்று தெரிந்த இடத்தில் மனிதர் கூடுதல் நேரம் உட்காருவார். நான் பார்த்த குடும்பங்களில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

அதற்கு ஓர் ஆள் வேண்டும். அம்மா வேண்டாம், அவருக்கு அன்று ஆயிரம் வேலை. தம்பிக்குப் பிடித்த ஒரு மாமா பையனோ சித்தி மகளோ யாரென்று பாருங்கள். அன்று மாலை முழுவதும் அவருக்கு இது ஒன்றுதான் வேலை. பந்தி விசாரிப்பது, வண்டி அனுப்புவது எதையும் அவரிடம் ஒப்படைக்கக் கூடாது. தம்பிக்கு ஓர் அடையாளம் முடிவு செய்யுங்கள். சட்டைப்பையில் இருக்கும் ஒரு அட்டையை எடுத்துக் கொடுக்கலாம், அல்லது அவனுக்குப் பழகிய “மணி என்ன”வையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். அடையாளம் வந்ததும் ஏன், எதற்கு என்று ஒரு கேள்வியும் கிடையாது, கிளம்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் குறைந்தது மூன்று முறை வேறு இடங்களில் இதைச் செய்து பாருங்கள். ஹோட்டலில், கோயிலில், சின்னக் காதுகுத்தில். அடையாளம் காட்டினால் நிஜமாகவே கூட்டிப்போகிறார்கள் என்று அவன் உடம்பு நம்ப வேண்டும். இனிமேல் வீட்டில் யாரும் அவனிடம் அஞ்சு நிமிஷம் என்று சொன்னால் அது கடிகாரத்தில் ஐந்து நிமிடமாகவே இருக்கட்டும்.

வெளியே வந்தால் எங்கே போவது? மண்டபத்தை இப்போதே ஒருமுறை, விசேஷமில்லாத நாளில், அவனோடு போய்ப் பார்த்து வாருங்கள். மேடையிலும் ஏறி நிற்கட்டும். மாடியில் கடைசி அறை கிடைக்குமா என்று கேளுங்கள். ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது, சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அறையை முடிவு செய்யுங்கள். அந்த அறையின் சாவி அந்த மாமா பையனிடம் மட்டும் இருக்கட்டும். இல்லையென்றால் ஏழு மணிக்கெல்லாம் அங்கே நாலு பேர் படுத்திருப்பார்கள், இரண்டு குழந்தைகளுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருப்பார்கள். அறையில் அவனுடைய போர்வை, தண்ணீர், வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதம். பந்தியில்தான் சாப்பிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். ஆட்டிசம் உள்ள பலருக்குப் பசியும் தாகமும் சரியான நேரத்தில் உறைப்பதில்லை. வெறும் வயிற்றோடு இருந்தால் எல்லாமே சீக்கிரம் நிரம்பி வழியும்.

ஒலியைப் பற்றி மாப்பிள்ளையிடம் பேச உங்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். தொழிலாளர்களின் காதைக் காக்க அமெரிக்காவில் நியாஷ் (NIOSH) என்ற பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு வகுத்த கணக்குப்படி, 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். டிஜே ஸ்பீக்கர் பக்கத்தில் ஒலி 100-ஐ எளிதாகத் தொடும். இது ஆட்டிசம் இல்லாத காதுக்கான கணக்கு. காதுகேட்கும் கருவி வைத்திருக்கும் தாத்தாவும், கைக்குழந்தையோடு வரும் உங்கள் தோழியும் இதில் அடக்கம். நம் நாட்டில் 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல் என்றும் இரவில் 45 என்றும் வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் அவை சுற்றுப்புறத்தின் அமைதிக்காக வந்தவை, மண்டபத்துக்குள் உட்கார்ந்திருப்பவரின் காதை அவை காப்பதில்லை. உள்ளே எவ்வளவு சத்தம் என்பதை இரண்டு வீட்டாரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

டிஜேவை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று கேளுங்கள்: வரவேற்பு ஆறரைக்கு என்றால், முதல் முக்கால் மணி நேரம் மைக்கும் ஸ்பீக்கரும் இல்லாமல் இருக்கட்டும். வெடிக்கும் காகிதத் துண்டு, புகை, மினுக்கும் விளக்கு எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். அந்த முக்கால் மணி நேரத்தில் குடும்பப் படங்கள் எடுத்துவிடலாம். தம்பி உங்கள் பக்கத்தில் நிற்பான், அம்மாவும் நிற்பார். அதன் பிறகு பாட்டு தொடங்கட்டும். தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது டிஜே ஆள் அந்த மாமா பையனுக்குக் கைகாட்ட வேண்டும். எந்தத் திட்டத்தையும் குலைக்காத இந்த ஒன்றை உங்களை மணக்கப்போகிறவரிடம் நேரில், பெரியவர்களை இடையில் விடாமல் நீங்களே கேளுங்கள். உங்கள் தம்பி இனி அவருக்கும் மச்சான்.

பின்வரிசையில் உட்கார வைத்தால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும். கிரானைட் தரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள மண்டபத்தில் அப்படிக் குறையாது, ஒலி மோதி மோதித் திரும்பும்.

காதுக்கு: தொழிற்சாலைகளில் போடும் இயர்மஃப், அல்லது நுரையில் செய்த இயர்பிளக். எதை அவன் தலையும் காதும் ஏற்றுக்கொள்கிறதோ அது. இன்றைக்கே வாங்கி வீட்டில் போட்டுப் பழகட்டும். கல்யாணத்தன்று புதிதாக மாட்டினால் அதுவே இன்னொரு தொல்லையாகிவிடும். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஏசி, ஜெனரேட்டர் மாதிரி சீரான இரைச்சலை நன்றாக அடக்கும், திடீர்ச் சத்தத்தை அவ்வளவு அடக்காது. நெஞ்சில் வந்து இடிக்கிற பாஸ் ஒலியை எதுவுமே முழுதாகத் தடுக்காது, அது உடம்பு வழியாகவும் வருகிறது. ஆகவே இயர்மஃப் போட்டாயிற்று, இனி எவ்வளவு நேரமும் இருப்பான் என்று நினைக்க வேண்டாம். சாதாரண நாட்களில் வீட்டில் நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டிருக்கவும் விடாதீர்கள், காது இன்னும் கூர்மையாகிவிடக்கூடும். படத்தில் இயர்மஃப் தெரிந்தால் தெரியட்டும். கண்ணாடி போட்டவரை யாரும் கழற்றச் சொல்வதில்லை.

அவனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மினுக்கும் விளக்கைப் பற்றித் தனியாக மருத்துவரிடம் கேளுங்கள். ஒளிக்கு வலிப்பு வரும் இயல்புள்ளவர்களுக்கு நொடிக்கு 3 முதல் 30 முறை மினுக்கும் விளக்கு ஆபத்தானது. ஆட்டிசம் உள்ளவர்களிடையே வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது.

மறுநாள் முகூர்த்தத்தை மறந்துவிடாதீர்கள். முதல் நாள் நிரம்பியது ஒரு ராத்திரியில் வடிந்துவிடாது. அதனால் எட்டு மணிக்குள் அவன் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும். பந்தக்கால் நட்டதிலிருந்து வீட்டில் சொந்தங்கள் நிறைந்திருப்பார்கள், அவன் படுக்கும் அறையை யாருக்கும் கொடுக்காதீர்கள். முகூர்த்தத்தில் நாதஸ்வரமும் தவிலும் இருக்குமே என்று கவலைப்படுவீர்கள். கெட்டிமேளம் சத்தம்தான், ஆனால் சொல்லிவிட்டு வருகிற சத்தம். விரலை ஆட்டி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று குரல் கொடுத்த பிறகுதான் தவில் முழங்கும்; தாலி ஏறி அட்சதை விழுந்ததும் தணிந்துவிடும். ஏதாவது ஒரு கல்யாண வீடியோவை எடுத்து அந்த விரலசைவை அவனுக்குக் காட்டுங்கள், ஒலியின் அளவை அவனே கூட்டிக் குறைக்கட்டும். எப்போது வரும், எப்போது முடியும் என்று தெரிந்த சத்தத்தை அவன் தாங்கிக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. பெண்ணின் சகோதரன் பொரியிடுவதோ மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்பதோ உங்கள் வழக்கத்தில் இருந்தால், அதை வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல் அவனிடம் கேளுங்கள்.

கணக்கில் கெட்டி, கையெழுத்து அச்சுப்போல என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடனே மொய் நோட்டுதான் நினைவுக்கு வந்தது. வாசலில் மேசை போட்டு எழுதுவது அவனுக்கு ஆகாது. கல்யாணம் முடிந்த பிறகு, அமைதியான வீட்டில் கவர்களைப் பிரித்து, பெயரும் ஊரும் தொகையும் நோட்டில் ஏற்றிக் கூட்டுவது அவனுக்கான வேலை. வருஷக்கணக்கில் உங்கள் குடும்பம் புரட்டிப் பார்க்கப்போகிற நோட்டு அது.

இவ்வளவு செய்தும் ஒருவேளை நிரம்பி வழிந்தால்: பேச்சைக் குறையுங்கள். “ஒண்ணுமில்லடா, என்னடா ஆச்சு” என்று நாலு பேர் நாலு பக்கம் கேட்பதும் அவனுக்குச் சத்தம்தான். ஒருவர் மட்டும், குறைந்த குரலில், “வெளிய போறோம்” என்று மட்டும் சொல்லி வழி காட்டட்டும். அவனுக்குப் பிடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்தாலொழியத் தொட வேண்டாம். இருட்டான அமைதியான இடம், தண்ணீர், நேரம். சிலருக்கு அரை மணி போதும், சிலருக்கு மறுநாள் வரை ஆகும். ஏன் இப்படிச் செய்தாய் என்று அங்கே அவனிடம் விளக்கம் கேட்கக் கூடாது, மன்னிப்புக் கேள் என்று சொல்லவும் கூடாது. ஃபோனைத் தூக்குகிறவரைத் தடுக்க உரக்கப் பேசக்கூடிய ஒரு சித்தப்பாவை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள். மாத்திரை யோசனை சொன்ன அதே சித்தப்பா இதை நன்றாகவே செய்வார் என்று நினைக்கிறேன். அவருக்கும் உதவ வேண்டும் என்றுதான் ஆசை, வழிதான் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. அத்தை, சித்தப்பா, அம்மா, மாப்பிள்ளை வீட்டார், நீங்கள் என்று எல்லோருடைய எண்ணமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. தம்பிக்கு என்ன விருப்பம் என்று யாரும் கேட்டதாக அதில் இல்லை. பேச்சில் பதில் வராவிட்டால் தாளில் எழுதிக் கேளுங்கள், அவனுக்கு எழுத்து நன்றாக வருகிறது. “வரவேற்புக்கு வர்றியா?” என்று மொட்டையாகக் கேட்டால் அவனுக்குப் பார்க்கிங்தான் நினைவுக்கு வரும். “ஆறரை மணிக்கு மேடை, பாட்டு கிடையாது, ஏழே காலுக்கு மாடி அறை, எட்டு மணிக்கு வீடு. வேணுமா, வேண்டாமா, போட்டோவுக்கு மட்டுமா?” என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்பதில் டிக் அடித்தால், எவ்வளவு வருத்தமாக இருந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். முகூர்த்தத்தன்று காலையில் அவனோடு படம் எடுத்துக்கொள்ளலாம். அன்று மாலை வீட்டில் அவனோடு யார் இருப்பது என்பதையும் அவனே சொல்லட்டும், அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, டிவி ஓடாத நேரமாகப் பார்த்து, அந்தத் தாளையும் ஒரு பேனாவையும் அவன் முன்னால் வையுங்கள்.